பிரிட்ஜில் பேசும் ஆங்கிலம்: குமரிக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு முழுமையான வழிகாட்டி

தூத்தூர், இரயுமன்துறை, இனயம், குளச்சல், முட்டம் என்று நம் கடற்கரை ஊர்களிலிருந்து கப்பல் படிப்புக்குப் போகும் பிள்ளைகள் காற்றுக்கும் கயிற்றுக்கும் பயப்படுவதில்லை. ஆங்கிலத்துக்குப் பயப்படுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, ஒரு பிலிப்பினோ கேப்டனுக்கும் உக்ரைன்காரத் தலைமை அதிகாரிக்கும் நடுவில் நின்று பேச வேண்டும் என்று நினைத்தாலே தளர்ந்துபோகிறார்கள். அதிகாரிப் படிப்புக்குத் தகுதி இருந்தும் வேண்டாம் என்று விலகியவர்கள் நம் ஊர்களில் உண்டு.

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கப்பலை ஓட்டத் தேவையான ஆங்கிலம் சிறியது, அளவெடுத்து வைத்தது. எந்த இடத்தில் எந்தச் சொல், எந்த வரிசையில், அதற்கு என்ன பதில் என்பதெல்லாம் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. அழகாகப் பேசுகிறவரை யாரும் பாராட்டப்போவதில்லை. எழுதி வைத்ததை எழுதி வைத்தபடி, தெளிவாக, நிதானமாகச் சொல்கிறவரைத்தான் கேப்டன் நம்புவார். வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகினால் இது வசப்படும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எதைப் படிக்க வேண்டும்

சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ., 2001 நவம்பரில் ‘ஸ்டாண்டர்ட் மரைன் கம்யூனிகேஷன் ஃப்ரேசஸ்’ என்ற வாக்கியத் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. கப்பல்காரர்கள் எஸ்.எம்.சி.பி. என்பார்கள். பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், காவல் நிற்கும் அதிகாரிக்கு இந்த வாக்கியங்கள் புரியவும் வேண்டும், அவற்றை அவர் பயன்படுத்தவும் வேண்டும் என்று, கப்பல் பணியாளர்களின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான எஸ்.டி.சி.டபிள்யூ. உடன்படிக்கை சொல்கிறது. 1977 முதலே இதைப்போல ஒரு சொல்தொகுப்பு இருந்தது என்றாலும், அது சிறியது.

இதை விரிவாக்க வேண்டிய தேவை உயிர்களைக் கொடுத்துத்தான் புரிந்தது. 1990 ஏப்ரல் 7 அதிகாலை, நார்வேயிலிருந்து டென்மார்க் போய்க்கொண்டிருந்த ‘ஸ்காண்டிநேவியன் ஸ்டார்’ பயணிகள் கப்பலில் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். ஊழியர்களில் பலர் பேசிய மொழி பயணிகளுக்குப் புரியவில்லை. பயணிகள் பேசியது ஊழியர்களுக்குப் புரியவில்லை. வழி காட்ட வேண்டியவர்களால் வழி சொல்ல முடியாமல் போனது. கடலில் ஆங்கிலத்தை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் இன்றும் இந்தக் கப்பலைச் சொல்லாமல் இருப்பதில்லை.

தொகுப்பில் ஏ, பி என்று இரண்டு பகுதிகள். ஏ பகுதிதான் கட்டாயம். அதில் கப்பலுக்கும் கரைக்கும், கப்பலுக்கும் கப்பலுக்கும் நடக்கும் பேச்சு, சுக்கான் கட்டளை, எஞ்சின் கட்டளை, துறைமுகத்துக்கு வழிகாட்ட ஏறும் பைலட் வந்த பிறகு பேசுவது எல்லாம் வரும். பி பகுதி கப்பலுக்குள் நடக்கும் மற்ற வேலைகளுக்கானது. முதல் வருடம் முழுவதும் ஏ பகுதியிலேயே இருங்கள். இணையத்தில் தேடினால் முழுத் தொகுப்பும் கிடைக்கும். அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் வைத்துப் படித்தால் பழக்கம் வராது என்பது என் கருத்து.

படிக்கும்போது ஒன்று கண்ணில் படும். அந்த வாக்கியங்கள் பள்ளி ஆங்கிலம்போல இருக்காது. ஒரே பொருளுக்கு இரண்டு சொல் இருக்காது. ‘டோன்ட்’, ‘ஐல்’ போன்ற சுருக்கங்கள் வராது. கேள்விக்கு வெறும் ‘எஸ்’, ‘நோ’ என்று பதில் சொல்லக் கூடாது. முழு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இலக்கணத்தில் தடுமாறும் பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்தி என்ன இருக்கிறது?

இரண்டாம் படி: எண்ணும் எழுத்தும்

வாக்கியங்களுக்கு முன்னால் எண்கள். கடலில் எண்ணை முழுதாகச் சொல்வதில்லை, இலக்கம் இலக்கமாகச் சொல்வார்கள். 150 என்பதை ‘ஒன் ஃபைவ் ஸீரோ’ என்பார்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும் என்பதுதான் காரணம். 2.5 என்றால் ‘டூ டெசிமல் ஃபைவ்’. ‘டூ பாயின்ட் ஃபைவ்’ என்றும் சொல்லலாம்.

உச்சரிப்பும் வகுக்கப்பட்டிருக்கிறது. மூன்று ‘ட்ரீ’, நான்கு ‘ஃபோவர்’, ஐந்து ‘ஃபைஃப்’, ஒன்பது ‘நைனர்’, ஆயிரம் ‘டவுஸண்ட்’. கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். வெட்கப்படாமல் அப்படியே சொல்லுங்கள். ஃபைவும் நைனும் குழம்பி, கப்பல் தவறான பக்கம் திரும்பிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இந்தக் கட்டுரையில் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று வழக்கமான எழுத்திலேயே எண்களை எழுதுகிறேன்; நீங்கள் சொல்லும்போது மேலே உள்ளபடி சொல்லுங்கள். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சுக்கான் கோணத்தை மட்டும் ‘ஃபிஃப்டீன்’, ‘ட்வென்டி’ என்று முழுதாகவே சொல்வார்கள்.

எழுத்துகளுக்கு ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று தொடங்கி ஸூலு வரை 26 சொற்கள். இதை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். கைவர நாள் ஆகும். நாகர்கோவில் போகும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு எதிரே வரும் வண்டிகளின் நம்பர் பிளேட்டை வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். டி.என். 74 என்பது ‘டேங்கோ நவம்பர் செவன் ஃபோவர்’. யோசிக்காமல் வாயில் வரும் வரை இதை விடாதீர்கள்.

மூன்றாம் படி: சுக்கான் கட்டளைகள்

கப்பலில் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் ஆங்கிலம் பெரும்பாலும் சுக்கான் பிடிக்கும்போது வரும் பதிலாகத்தான் இருக்கும். அதனால் இந்தப் படியில் நின்று நிதானமாகப் பழகுங்கள்.

அடிப்படை இதுதான்: கட்டளை வந்ததும் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், செய்ய வேண்டும், செய்து முடித்ததும் முடிந்தது என்று சொல்ல வேண்டும். அதிகாரி சுக்கான் காட்டியைப் பார்த்துச் சரிதானா என்று உறுதி செய்வார். ஒரு கட்டளை வந்தால் அடுத்த கட்டளை வரும் வரை அதுவே நிற்கும். காவல் அதிகாரியும் சுக்கான் பிடிப்பவரும் பேசிக்கொள்வது இப்படி இருக்கும்:

“ஸ்டார்போர்ட் டென்.”

“ஸ்டார்போர்ட் டென்… வீல் இஸ் ஸ்டார்போர்ட் டென்.”

“ஈஸ் டு ஃபைவ்.”

“ஈஸ் டு ஃபைவ்… வீல் இஸ் ஸ்டார்போர்ட் ஃபைவ்.”

“மிட்ஷிப்ஸ்.”

“மிட்ஷிப்ஸ்… வீல் இஸ் அமிட்ஷிப்ஸ்.”

“ஸ்டியர் ஸீரோ எய்ட் டூ.”

“ஸ்டியர் ஸீரோ எய்ட் டூ… ஸ்டெடி ஆன் ஸீரோ எய்ட் டூ.”

ஸ்டார்போர்ட் வலப்பக்கம், போர்ட் இடப்பக்கம். இரண்டும் அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையை, பார்த்து நிற்கும்போது. ‘மிட்ஷிப்ஸ்’ என்றால் சுக்கானை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ‘ஈஸ் டு’ என்றால் இப்போதிருக்கும் கோணத்தைச் சொன்ன அளவுக்குக் குறைத்து அங்கேயே பிடிக்க வேண்டும். ‘ஹார்ட் அ போர்ட்’ என்றால் இடப்பக்கம் முழுவதுமாக.

பிள்ளைகள் அதிகம் குழம்புவது மூன்று கட்டளைகளில்: ‘மீட் ஹெர்’, ‘ஸ்டெடி’, ‘ஸ்டெடி ஆஸ் ஷீ கோஸ்’. முதலாவது, திரும்பிக்கொண்டிருக்கும் அணியத்தின் வேகத்துக்கு எதிர்ச் சுக்கான் கொடுத்துத் தடுக்கச் சொல்வது. இரண்டாவது, அந்தத் திரும்பலை எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் நிறுத்தச் சொல்வது. மூன்றாவது வந்தால், கட்டளை காதில் விழுந்த நொடியில் காம்பஸ் என்ன காட்டியதோ அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணை உடனே உரக்கச் சொல்லவும் வேண்டும். கண் காம்பஸிலேயே இருந்தால்தான் இது முடியும்.

‘நத்திங் டு போர்ட்’ என்றால் அணியம் இடப்பக்கம் போகவே கூடாது. அந்தப் பக்கம் ஒரு மிதவையோ மேடான இடமோ இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். சுக்கான் திருப்பியும் கப்பல் திரும்பவில்லை என்றால் கேட்கும் வரை காத்திருக்காமல் உடனே சொல்ல வேண்டும்.

ஒரு சிறிய வரலாறு. பழைய காலத்துக் கட்டளைகள் சுக்கான் தண்டைக் கணக்கில் வைத்தவை. தண்டை வலப்பக்கம் தள்ளினால் கப்பல் இடப்பக்கம் திரும்பும். 1912-இல் டைட்டானிக்கில் ‘ஹார்ட் அ ஸ்டார்போர்ட்’ என்று சொன்னபோது கப்பலின் அணியம் இடப்பக்கம்தான் திரும்பியது. பிரிட்டிஷ் கப்பல்களில் இந்த முறை 1930-களில்தான் மாற்றப்பட்டது. ஒரே சொல்லை உலகமே ஒரே பொருளில் சொல்ல இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

நான்காம் படி: எஞ்சின், நங்கூரம், கயிறு

எஞ்சின் கட்டளைகள் எளிது. ‘டெட் ஸ்லோ’, ‘ஸ்லோ’, ‘ஹாஃப்’, ‘ஃபுல்’ என்ற நான்கு வேகம். முன்னால் போக ‘அஹெட்’, பின்னால் போக ‘அஸ்டர்ன்’. ‘ஸ்டாப் எஞ்சின்’, ‘ஸ்டாண்ட் பை எஞ்சின்’, வேலை முடிந்ததும் ‘ஃபினிஷ்டு வித் எஞ்சின்’. இங்கும் திருப்பிச் சொல்லும் பழக்கம்தான்.

நங்கூர வேலையில் அதிகாரி அணியத்தில் நிற்பார். கேப்டன் பிரிட்ஜில் இருப்பார். கேப்டனுக்குக் கீழே நடப்பது தெரியாது. உங்கள் வாய்தான் அவருக்குக் கண். ‘லெட் கோ போர்ட் ஆங்கர்’ என்றால் இடப்பக்க நங்கூரத்தை விட வேண்டும். அதன்பிறகு அவர் ஓயாமல் கேட்பது, ‘ஹவ் இஸ் த செயின் லீடிங்?’ சங்கிலி எந்தப் பக்கம் போகிறது என்று. முன்னால் போனால் ‘லீடிங் அஹெட்’, பின்னால் போனால் ‘லீடிங் அஸ்டர்ன்’, நேர்க்கீழே நின்றால் ‘அப் அண்ட் டவுன்’. சங்கிலியின் நீளத்தை ஷேக்கிள் கணக்கில் சொல்வார்கள்; ஒரு ஷேக்கிள் 27.5 மீட்டர். நங்கூரத்தைத் தூக்கும்போது அது தரையை விட்ட நொடியில் ‘ஆங்கர் இஸ் அவே’ என்று சொல்ல வேண்டும். அந்த நொடியிலிருந்து கப்பல் எதிலும் பிடித்து நிற்கவில்லை. தாமதமாகச் சொன்னால் கேப்டனின் கணக்கு தப்பும். எறிந்த நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டால் ‘ஆங்கர் இஸ் டிராகிங்’. இதை நள்ளிரவிலும் தயங்காமல் சொல்ல வேண்டும்.

கயிற்று வேலையில் நம் பிள்ளைகளுக்குக் கை முன்னால் போகும், காது பின்னால் வரும். விசைப்படகில் பழகியவர்கள் சைகையிலேயே வேலை செய்துவிடுவார்கள். கப்பலில் அது ஆபத்து, ஏனென்றால் இறுகிய கயிறு அறுந்தால் ஆளைக் கொன்றுவிடும். ‘ஹீவ் அவே’ என்றால் இழு. ‘ஸ்லாக் அவே’ என்றால் தளர்த்து. ‘ஹோல்ட் ஆன்’ என்றால் அப்படியே பிடி. ‘மேக் ஃபாஸ்ட்’ என்றால் கட்டி முடி. ‘லெட் கோ’ என்றால் விடு. ‘அவாஸ்ட் ஹீவிங்’ என்றால் இழுப்பதை உடனே நிறுத்து. ‘ஹெட் லைன்’ அணியத்துக் கயிறு, ‘ஸ்டர்ன் லைன்’ பின்பக்கத்துக் கயிறு, ‘பிரெஸ்ட் லைன்’ குறுக்குக் கயிறு, ‘ஸ்பிரிங்’ கப்பல் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது. கயிற்றின் பெயரும் செய்ய வேண்டியதும் சேர்ந்து காதில் விழாவிட்டால் கையை நகர்த்தாதீர்கள். ‘ஸே அகெய்ன்’ என்று கேளுங்கள். அந்தச் சொல் அவமானமே அல்ல. கப்பலில் மிக மதிப்பு வாய்ந்த சொல் அது.

பைலட் ஏறும்போது வரும் வாக்கியத்தையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்: ‘ரிக் த பைலட் லேடர் ஆன் ஸ்டார்போர்ட் சைட், ஒன் மீட்டர் அபவ் வாட்டர்.’ எந்தப் பக்கம், தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரம், இரண்டும் பதிலில் திரும்ப வர வேண்டும். ஏற வேண்டிய உயரம் 9 மீட்டருக்கு மேல் இருந்தால் பைலட் ஏணியோடு கப்பலின் சாய்வுப் படியையும் சேர்த்து இறக்க வேண்டும். பக்கத்து விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு இப்போது உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் வருகின்றன. அங்கே இந்த உரையாடல் தினமும் நடக்கிறது.

ஐந்தாம் படி: எங்கே இருக்கிறோம் என்று சொல்வது

கரையில் தெரியும் மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒன்றுக்கு நேர் ஒன்று நிறுத்திப் பார்த்து, கடலுக்குள் இருக்கும் பாரை (கடலடிப் பாறைத்திட்டை) கண்டுபிடிக்கும் அறிவு நம் ஊர்ப் பெரியவர்களுக்கு உண்டு. கப்பலில் இதையே ‘இன் டிரான்சிட்’ என்கிறார்கள். தாத்தாவிடம் கேட்டு இதைக் கற்ற பிள்ளைக்கு இந்தப் பாடத்தின் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி, அதை எண்ணாக்கிச் சொல்வது.

இரண்டு வழி உண்டு. ஒன்று அட்சரேகை, தீர்க்கரேகை. இன்னொன்று கரையில் உள்ள நிச்சயமான ஓர் அடையாளத்திலிருந்து திசையும் தூரமும். இரண்டாவதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். முட்டம் கலங்கரை விளக்கத்துக்குத் தென்மேற்கே, கடலில் எட்டு மைல் தூரத்தில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். சொல்ல வேண்டியது: ‘மை பொசிஷன் பேரிங் டூ ஒன் ஸீரோ டிகிரீஸ் ஃப்ரம் முட்டம் லைட்ஹவுஸ், டிஸ்டன்ஸ் எய்ட் நாட்டிக்கல் மைல்ஸ்.’

இந்த 210 எங்கிருந்து வருகிறது? விளக்கத்தில் நின்று கப்பலைப் பார்த்தால் வரும் திசை அது. பிரிட்ஜில் நின்று விளக்கத்தைப் பார்க்கும்போது காம்பஸில் நீங்கள் காண்பது 030. கண்ணில் பட்டதை அப்படியே சொல்லிவிட்டால், கேட்கிறவர் வரைபடத்தில் முட்டத்திலிருந்து 030 டிகிரியில் கோடு போடுவார். உங்கள் கப்பல் தக்கலைப் பக்கம் தரையில் நிற்கும். சாதாரண நாளில் சிரித்துத் திருத்திவிடுவார்கள். கடலுக்கு நடுவே ஒரு மிதவையை அடையாளமாகச் சொல்லி இப்படி மாற்றினால் யாருக்கும் சந்தேகம் வராது. தேடி வருகிறவர் எதிர்த்திசையில் போய்விடுவார்.

திசை எப்போதும் மூன்று இலக்கம், உண்மை வடக்கிலிருந்து. தூரம் கடல் மைலில். அதில் பத்தில் ஒரு பங்கு ஒரு கேபிள். எதைச் சொன்னாலும் அளவின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். நேரம் 24 மணிக் கணக்கு. உலக நேரமா, உள்ளூர் நேரமா என்பதையும் சொல்ல வேண்டும். வேகத்துக்கு நாட், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல்.

காற்றுக்கு அது வரும் திசையைச் சொல்வார்கள். கச்சான் மேற்கிலிருந்து வருவது போலத்தான், ‘வெஸ்டர்லி விண்ட்’ மேற்கிலிருந்து வருகிறது. நீரோட்டத்துக்கோ அது போகும் திசையைச் சொல்வார்கள். ‘கரன்ட் செட்டிங் வெஸ்ட்’ என்றால் தண்ணீர் மேற்கு நோக்கி ஓடுகிறது. இந்த வித்தியாசத்தைப் பாறையில் செதுக்கிய மாதிரி மனதில் வையுங்கள்.

ஆறாம் படி: வி.எச்.எஃப். ரேடியோ

வி.எச்.எஃப். என்பது அருகிலுள்ள கப்பலோடும் கரையோடும் பேசும் ரேடியோ. அதில் சேனல் 16-ஐக் கப்பலில் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அழைப்பதும் ஆபத்தைச் சொல்வதும் அதில்தான். பேச ஆரம்பித்ததும் வேறு சேனலுக்கு மாறிவிட வேண்டும். சேனல் 70-இல் பேசவே கூடாது. அது டிஜிட்டல் அழைப்புக்கு மட்டும்.

ரேடியோவில் சொல்லும் செய்திக்கு முன்னால், அது என்ன வகைச் செய்தி என்று ஒரு சொல் வைக்கலாம். அப்படி எட்டு உண்டு: இன்ஸ்ட்ரக்‌ஷன், அட்வைஸ், வார்னிங், இன்ஃபர்மேஷன், கொஸ்டின், ஆன்ஸர், ரிக்வெஸ்ட், இன்டென்ஷன். ‘கொஸ்டின். வாட் இஸ் யுவர் இன்டென்ஷன்?’ என்று கேட்டால், பதில் ‘ஆன்ஸர். ஐ வில் ஆல்டர் கோர்ஸ் டு ஸ்டார்போர்ட்’ என்று வர வேண்டும். கேட்பவருக்கு ஆங்கிலம் அரைகுறையாக இருந்தாலும், வருவது கேள்வியா எச்சரிக்கையா என்பது முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். ‘இன்ஸ்ட்ரக்‌ஷன்’ மட்டும் அதிகாரம் உள்ளவர் சொல்வது. பக்கத்துக் கப்பலுக்கு நீங்கள் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுக்க முடியாது.

மே, மைட், ஷுட், குட், கேன் என்ற ஐந்து சொற்களையும் ரேடியோவில் மறந்துவிடுங்கள். ‘மே ஐ என்டர் த ஃபேர்வே?’ (ஃபேர்வே என்பது கப்பல் போகும் நீர்வழி) என்றால் அனுமதி கேட்கிறாரா, நுழைய முடியுமா என்று கேட்கிறாரா? அதற்கு ‘யூ மே என்டர்’ என்று பதில் வந்தால் குழப்பம் இரட்டிப்பு. ‘கொஸ்டின். டூ ஐ ஹேவ் பெர்மிஷன் டு என்டர் த ஃபேர்வே?’ என்று கேளுங்கள். ‘யூ குட் பி ரன்னிங் இன்டு டேஞ்சர்’ என்பதற்குப் பதில் ‘வார்னிங். யூ ஆர் ரன்னிங் இன்டு டேஞ்சர்.’ பள்ளியில் பணிவாகப் பேசக் கற்றுக்கொடுத்த அதே சொற்கள் இங்கே ஆபத்தாகிவிடுகின்றன.

தவறாகச் சொல்லிவிட்டால் ‘மிஸ்டேக்’ என்று சொல்லி, ‘கரெக்‌ஷன்’ என்று தொடங்கிச் சரியானதைச் சொல்லுங்கள். முக்கியமான எண்ணை ‘ரிபீட்’ என்று சொல்லி இன்னொரு முறை சொல்லுங்கள். சத்தம் எப்படி என்று கேட்க ‘ஹவ் டூ யூ ரீட் மீ?’, பதில் ஒன்று முதல் ஐந்து வரை, ஐந்து மிகத் தெளிவு.

அடுத்தது எல்லாவற்றையும்விட முக்கியம். மோதலைத் தவிர்க்க ரேடியோவை நம்பாதீர்கள். கன்னியாகுமரி முனையைச் சுற்றி வரும் கப்பல்கள் ஒரே நேரத்தில் பல இருக்கும். ‘ஷிப் ஆன் மை ஸ்டார்போர்ட் சைட்’ என்று அழைத்தால், உங்களுக்குத் தெரியாத ஒரு கப்பல் பதில் சொல்லும்; நீங்கள் அதோடு பேசி முடித்து நிம்மதி அடைந்திருக்கும்போது, உண்மையான கப்பல் எதையும் கேட்காமல் வந்துகொண்டிருக்கும். பிரிட்டனின் கடல்சார் நிர்வாகம் இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டிருக்கிறது. 1972-ஆம் ஆண்டு மோதல் தடுப்பு விதிகள்தான் முதலில். நேருக்கு நேர் வந்தால் இருவரும் ஸ்டார்போர்ட் பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், வலப்பக்கம் மற்றவரைக் காண்பவர் விலக வேண்டும். ஒரு குறுகிய ஊதல் ‘ஸ்டார்போர்ட் திரும்புகிறேன்’, இரண்டு ‘போர்ட் திரும்புகிறேன்’, மூன்று ‘எஞ்சினைப் பின்னால் ஓட்டுகிறேன்’, வேகமாக ஐந்து ‘நீ என்ன செய்கிறாய் என்று புரியவில்லை’. இந்த ஊதலுக்கு மொழி கிடையாது.

நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள ஒரு பலத்தையும் சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பத்திலிருந்து போன ‘ஓஷியானிக்’ படகைக் கப்பல் ஒன்று இடித்தது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குமரி மாவட்டத்தவர். இரவில் மீன்பிடிப் படகுகளுக்கு நடுவே போகும் ஒரு பெரிய கப்பலின் பிரிட்ஜிலிருந்து தமிழிலோ மலையாளத்திலோ ‘அண்ணே, உங்க வலை எந்தப் பக்கம் போட்டிருக்கு?’ என்று கேட்கத் தெரிந்த அதிகாரி இருந்தால், அவர் மதிப்பு மிகப் பெரியது. எஸ்.எம்.சி.பி. அதைத் தடுக்கவில்லை. கேப்டனிடம் சொல்லிவிட்டுப் பேசுங்கள். படகிலிருந்து வந்த பதிலை அந்த நொடியிலேயே கேப்டனுக்கு ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: ‘ஃபிஷிங் கியர் எக்ஸ்டெண்ட்ஸ் டூ மைல்ஸ் டு த சவுத்.’ பிரிட்ஜில் உங்களுக்கு மட்டும் தெரிந்த செய்தி என்று ஒன்று இருக்கக் கூடாது.

ஏழாம் படி: ஆபத்துச் செய்தி

உயிருக்கோ கப்பலுக்கோ உடனடி ஆபத்து என்றால் ‘மேடே’. அவசரம், ஆனால் உடனடி ஆபத்து இல்லை என்றால் ‘பான் பான்’. எச்சரிக்கை மட்டும் என்றால் ‘செக்யூரிட்டே’. மூன்றையும் மும்முறை சொல்ல வேண்டும். முதலில் சேனல் 70-இல் டிஜிட்டல் பட்டனை அழுத்தி, பிறகு 16-இல் பேச வேண்டும். ‘கடல்முத்து’ என்று ஒரு கப்பலை வைத்துக்கொள்வோம். அதன் செய்தி இப்படி இருக்கும்:

“மேடே, மேடே, மேடே. திஸ் இஸ் கடல்முத்து, கடல்முத்து, கடல்முத்து.” இதோடு கால் சைன் (கப்பலின் ரேடியோ அழைப்புக் குறி), ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண் (கப்பலின் ரேடியோ அடையாள எண்). இந்தியக் கப்பலின் எண் 419 என்று தொடங்கும்.

“மேடே கடல்முத்து. மை பொசிஷன், ஸீரோ செவன் டிகிரீஸ் ஃபோர் ஸீரோ மினிட்ஸ் நார்த், ஸீரோ செவன் செவன் டிகிரீஸ் ஒன் ஸீரோ மினிட்ஸ் ஈஸ்ட். ஐ ஆம் ஆன் ஃபயர் இன் எஞ்சின் ரூம். ஐ ரிக்வயர் ஃபயர் ஃபைட்டிங் அசிஸ்டன்ஸ். நம்பர் ஆஃப் பெர்சன்ஸ் ஆன் போர்ட், டூ ஒன். ஓவர்.”

வரிசையைக் கவனியுங்கள்: யார், எங்கே, என்ன, என்ன உதவி, எத்தனை பேர். ரேடியோ பாதியில் நின்றுபோனாலும், முதலில் சொன்ன இடம் கேட்டவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால்தான் இடம் முன்னால் வருகிறது. இதைக் காகிதத்தில் எழுதி, உங்கள் கப்பலின் பெயரையும் எண்ணையும் நிரப்பி, ரேடியோவுக்கு மேலே ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் நன்றாகப் படித்தவருக்கும் வாய் உலரும்.

ஆழ்கடல் விசைப்படகில் போகும் அண்ணன்மாருக்கும் இந்த ஐந்தையும் கற்றுக்கொடுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, கரையிலிருந்து வெகுதூரம் போன நம் படகுகளுக்குச் செய்தி சேரவில்லை. வி.எச்.எஃப். அலை அடிவானத்தைத் தாண்டி அதிகம் போகாது; ஆனால் அருகில் போகும் கப்பலுக்கு எட்டும். அந்தக் கப்பலில் இருப்பவருக்கு ‘மேடே’யும் இடமும் புரிந்தால் போதும். கரையிலிருந்து உதவி கேட்கக் கடலோரக் காவல்படையின் எண் 1554.

எட்டாம் படி: காவல் மாற்றமும் பைலட்டும்

காவல் மாறும்போது கப்பலின் இடம், திசை, வேகம், சுற்றியுள்ள கப்பல்கள், கேப்டனின் இரவுக் கட்டளை எல்லாவற்றையும் சொன்ன பிறகு, ‘யூ ஹேவ் த வாட்ச் நவ்’ என்று போகிறவர் சொல்வார். ‘ஐ ஹேவ் த வாட்ச் நவ்’ என்று வருகிறவர் ஏற்க வேண்டும். அதைச் சொல்லும் வரை பொறுப்பு கைமாறவில்லை. கேப்டன் பிரிட்ஜுக்கு வந்துவிட்டாலே பொறுப்பு அவருடையதாகிவிடாது. ‘ஐ ஹேவ் த கான் நவ்’ (கப்பலைச் செலுத்தும் பொறுப்பு இப்போது என்னிடம்) என்று அவர் வாயால் சொல்ல வேண்டும்.

பைலட் இருக்கும்போது அவர் சொல்வது புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். 2007 நவம்பர் 7, சான் பிரான்சிஸ்கோவில் மூடுபனியில் ‘காஸ்கோ பூசான்’ என்ற கன்டெய்னர் கப்பல் பாலத்தில் மோதி, 53,000 கேலனுக்கு மேல் எண்ணெய் கடலில் கொட்டியது. மின்னணு வரைபடத்தில் இருந்த சிவப்பு முக்கோணங்கள் எவற்றைக் குறிக்கின்றன என்று பைலட்டுக்கும் கேப்டனுக்கும் நடுவே தெளிவான பேச்சு நடக்கவில்லை. விசாரணை வேறு காரணங்களையும் சொன்னது. இருவரும் பயணத் திட்டத்தைச் சரியாகப் பேசிக்கொள்ளாததையும் அதில் சேர்த்தது.

ஒன்பதாம் படி: பழகும் முறை

தனியாகப் படிக்காதீர்கள். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அதிகாரி, இன்னொருவர் சுக்கான். முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருங்கள். முகம் தெரியாமல் காதை மட்டும் நம்பிப் பேச வேண்டும். போனில் பேசிப் பழகுவது இன்னும் நல்லது. ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்கு மேலே புரியும்படி சொல்லிப் பாருங்கள். படகில் உள்ள உண்மையான ரேடியோவில், அதுவும் 16-இல், ஒருபோதும் பழகாதீர்கள். அது வேறொருவர் உயிருக்குக் குரல் கொடுக்கும் வழி.

நம் பேச்சு வேகமானது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகள் தமிழும் மலையாளமும் கலந்து, மூச்சு விடாமல் பேசுவார்கள். ஆங்கிலத்தில் அந்த வேகத்தைப் பாதியாக்குங்கள். ஃ சேர்ந்த ஒலியைப் பழகுங்கள்: ‘ஃபோர்’ என்பது ‘போர்’ ஆகிவிட்டால், எண் ‘போர்ட்’ போலக் கேட்கும். ‘எஞ்சின்’ ‘யெஞ்சின்’ ஆகாமல் பாருங்கள். ‘ஷிப்’, ‘சிப்’ இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். நீங்கள் மட்டும் திணறவில்லை. பிலிப்பினோ நண்பர்களுக்கும் பகரமும் ஃபகரமும் மாறும், சீனருக்கு ரகரமும் லகரமும் குழையும். எல்லோருக்கும் பொதுவாகத்தான் இந்த வாக்கியங்கள் சமைக்கப்பட்டன. உங்கள் குரலைப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். தெளிவில்லாத இடம் உங்களுக்கே தெரியும்.

பத்தாம் படி: தேர்வும் நேர்காணலும்

அதிகாரிப் படிப்புக்குப் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ ஆங்கிலத்தில் 50 சதவீத மதிப்பெண் கேட்பார்கள். ஐ.எம்.யூ. (இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம்) நடத்தும் பொது நுழைவுத் தேர்விலும் ஆங்கிலப் பகுதி உண்டு. பத்தாம் வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளே, அந்த மதிப்பெண்ணை இப்போதே கவனியுங்கள். பின்னால் திருத்த முடியாத இடம் அது ஒன்றுதான். கம்பெனிகள் மார்லின்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வை வைக்கலாம். அதில் கேட்டுப் புரிந்துகொள்ளும் பகுதிக்குக் கூடுதல் கவனம் கொடுங்கள், பேச்சைவிடக் கேட்பதில்தான் நம் பிள்ளைகள் மதிப்பெண் விடுகிறார்கள்.

பின்னாளில் அதிகாரிச் சான்றிதழுக்காக, அரசின் மெர்கன்டைல் மரைன் டிபார்ட்மென்டில் வாய்மொழித் தேர்வுக்கு உட்காரும்போது, தேர்வாளர் ஒரு நிலைமையைச் சொல்லி ‘என்ன கட்டளை கொடுப்பீர்கள்?’ என்று கேட்பார். விளக்கம் கேட்டால் மட்டும் விளக்கம் சொல்லுங்கள். முதலில் கட்டளையை, பிரிட்ஜில் சொல்வது போலவே, அதே சொற்களில், அதே குரலில் சொல்லுங்கள். கேள்வி புரியாவிட்டால் அங்கேயும் ‘ஸே அகெய்ன், சார்’ என்று கேட்கலாம். ஊகித்து வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறவரைவிட, திரும்பக் கேட்கிறவரைக் கடலுக்கு அனுப்பத் தேர்வாளர் அதிகம் விரும்புவார்.